பழைய பெட்ஷீட், வெள்ளை மிஷின், தீர்ந்துபோகும் பாபின்

“விலை குறைத்திருக்கிறார்கள், இப்போது வாங்கிப் போடலாமா அண்ணி?” என்று நாத்தனார் கேட்டிருக்கிறாள். என்னிடம் இருக்கும் அதே வெள்ளை மோட்டார் தையல் மிஷினைத்தான் கேட்கிறாள். அது சர்வீஸுக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறது. அதனால் கொஞ்சம் சூடாகவே எழுதுவேன்.

எத்தனை வகைத் தையல் போடும், பட்டன் துளை எப்படி வரும் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. நான் இதில் ரவிக்கை தைப்பதில்லை. பெரியவர்கள், பிள்ளைகள், வந்துபோகிற உறவுகள் என்று எந்நேரமும் கொடியில் பெட்ஷீட் தொங்கும் வீடு இது. நடுவில் நைந்துபோனதை வேறொன்றாக மாற்றுவதுதான் என் மிஷினுக்கு வேலை.

முதலில் அடிநூல் சுற்றியிருக்கும் அந்தப் பாபின் கதை. 90க்கு 100 இஞ்ச் பெட்ஷீட்டைச் சுற்றி ஓரம் மடித்து அடித்தால் 380 இஞ்ச், அதாவது பத்தரை கஜத்துக்கு மேல் ஒரே ஓட்டம். ரவிக்கை தைக்கிறவர்களுக்கு இப்படி ஒரு தூரமே வராது. பாபின் நிறைய இல்லாவிட்டால் பாதி வழியில் அடிநூல் தீர்ந்துவிடும். தீர்ந்தது என்று இந்த மிஷின் மூச்சு விடாது. ஊசி ஏறி இறங்கும், மேல்நூல் சமர்த்தாக விழும், சத்தம்கூட மாறாது. நிமிர்ந்து பார்த்தால் இரண்டு முழத்துக்கு வெறும் துளைதான். மேல்நூலைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் கையோடு வந்துவிடும்.

சரி, பாபினை மாற்றலாம் என்றால், அது இருக்கும் இடம் முன்பக்கம், இடது பக்கத்து டப்பாவுக்குப் பின்னால். டப்பாவை இடப்பக்கம் உருவினால்தான் சின்னக் கதவு திறக்கும். அந்த டப்பாவின் மேல்தான் மொத்தப் பெட்ஷீட்டும் குவிந்து கிடக்கும். எல்லாவற்றையும் அள்ளி மடியில் போட்டு, ஊசியை மேலே ஏற்றி, பாபின் இருக்கும் கேஸை நெம்பி எடுத்து... அதற்குள் குக்கர் விசில் அடிக்கும். காலால் மிதிக்கும் பழைய மிஷினில் துணியைச் சற்று ஒதுக்கித் தகட்டைத் தள்ளினால் போதும். மேலிருந்தே பாபின் போட்டு, மூடி வழியாக நூலைப் பார்த்துக்கொள்ளும் மாடல்களும் உண்டு. என்னுடையது அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இப்போதெல்லாம் முழுப் பாபின்களைச் சுற்றி வரிசையாக வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். பாதி தீர்ந்தவை தலையணை உறைக்குப் போகும்.

சர்வீஸுக்குப் போனதற்கு மிஷினை மட்டும் குறை சொல்ல முடியாது. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தியில் ஊசி இறங்கும்போதெல்லாம் பஞ்சு உதிரும். மெக்கானிக் ஊசித் தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு இடையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கட்டியை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். கம்பளித் துண்டு போல இறுகி, பல் வரிசையின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. பாபின் கேஸின் ஸ்பிரிங்குக்கு அடியிலும் அதே பஞ்சு. “புதுத்துணி தைத்தால் இவ்வளவு வராதும்மா” என்றார். பாபின் மாற்றும்போதெல்லாம் பிரஷ்ஷால் தட்டிவிடச் சொன்னார். ஆக, அந்தக் கதவைத் திறக்க இன்னொரு காரணம்.

இத்தனைக்கும் இந்த மிஷினை நான் விட்டுக்கொடுக்காததற்கு வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் தையல் ஒன்றுதான் காரணம். பெட்ஷீட் நைவது ஆள் படுக்கும் நடுப்பகுதியில்தான். இரு கரைப் பக்கமும் புதிதாகவே இருக்கும். நீளவாக்கில் நடுவே வெட்டி, கரைகள் இரண்டையும் உள்பக்கம் கொண்டுவந்து, அரை இஞ்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஜிக்ஜாக் ஓட்டினால் தடிப்பே தெரியாமல் தட்டையாக இணையும். கரை என்பதால் பிசிறும் வராது, மடிக்கவும் வேண்டாம். வெளிப்பக்கம் போன நைந்த ஓரத்தைக் கத்தரித்து மடித்து அடித்தால் மெத்தைக்கு அடியில் செருகிவிடலாம். எங்கள் சென்னிமலை விரிப்பு இப்படி மறுபிறவி எடுத்து இன்னும் உழைக்கிறது. பார்டர் இரண்டும் நட்டநடுவில் வந்துவிட்டன. மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் படுக்கிறவர் அவர்தான், எழுந்திருக்க மனமில்லாதவரும் அவர்தான்.

மிதி மிஷினில் பெரும்பாலும் நேர்த்தையல்தான். அதில் இணைப்பை மடித்துத் தைத்தால் தடிப்பு விழும். ஒற்றைக் கட்டிலில் அந்தத் தடிப்பு முதுகில் உறுத்தும்.

அதற்கும் தாங்காமல் கிழிந்தவற்றில் ஓரத்துத் துணி தலையணை உறையாகும். 17க்கு 27 தலையணைக்கு 19 இஞ்ச் அகலம், 62 இஞ்ச் நீளத்தில் ஒரே துண்டு போதும். உள்ளே மடிகிற நாக்கும் அதிலேயே வந்துவிடும், பட்டன், நாடா எதுவும் வேண்டாம். கிழியாத பெரிய பெட்ஷீட்டில் 60க்கு 75, ஆறு இஞ்ச் உயர மெத்தைக்கு எலாஸ்டிக் விரிப்பு தைப்பதானால், 80க்கு 95 வெட்டி, நான்கு மூலையிலும் பத்து இஞ்ச் சதுரத்தைக் கத்தரித்து இணைக்கலாம். மிஞ்சும் சதுரங்களை அடுக்கித் தைத்தால் அடுப்படியில் சூட்டைப் பிடிக்கும் துணி. இதற்கு 16ஆம் நம்பர் ஊசி, மற்றதற்கெல்லாம் 14.

ஒரு விஷயம், எல்லாப் பெட்ஷீட்டும் இந்த வேலைக்கு லாயக்கில்லை. ஒரு நூலை உருவிப் பற்றவைத்துப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையாக இறுகினால் பாலியஸ்டர் கலந்தது. முன்னதைத் தைக்கலாம். பின்னதைப் பழைய துணிக்குப் பிளாஸ்டிக் வாளி தருகிறவர் வந்தால் தள்ளிவிடலாம். சூட்டைப் பிடிக்கும் துணிக்கு மட்டும் அது வேண்டவே வேண்டாம்.

நாத்தனாருக்கு என்ன பதில்? இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது: வாங்காதே. நேற்றுகூட வாசல் திரைக்கு ஓரம் அடிக்கும்போது ஒரு பக்கம் முழுக்கத் துளை மட்டும் போட்டுக் கொடுத்தது. அந்தக் காசுக்குப் பழைய மிதி மிஷின் ஒன்றைப் பார்த்து எடு. ஜிக்ஜாக் வேண்டுமென்றால் பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு இங்கே வா. வரும்போது பாபினையும் நீயே சுற்றிக்கொண்டு வந்துவிடு.