டாக்டரம்மாவுக்கு 5 ஸ்டார், ரிசப்ஷனுக்கு 2, கூட்டி கழிச்சு 4 போட்டிருக்கேன்

இந்த ஸ்கேன் சென்டருக்கு நான் வந்ததே அழுதுக்கிட்டு தான். அதுக்கு 11 நாள் முன்னாடி வேற ஒரு இடத்துல (பேர் வேணாம்) ஸ்கேன் எடுத்தோம், தேதி கணக்குப்படி கர்ப்பம் 6 வாரம் 4 நாள், அங்க இருந்தவங்க ஸ்க்ரீனையே எங்க பக்கம் திருப்பல, "கருவைச் சுத்தின பை இருக்கு, குழந்தை தெரியல, ஹார்ட் பீட் இல்ல"ன்னு போற போக்குல சொல்லிட்டு அடுத்த டோக்கனை கூப்பிட்டுட்டாங்க. ரிப்போர்ட்ல ஒரு கேள்விக்குறி வேற. அந்த 11 நாள் நான் சரியா சாப்பிடல தூங்கல, அத்தை வேண்டாத சாமி இல்ல.

இந்த சென்டர்ல டாக்டரம்மா பெட்ல படுக்கவே சொல்லல, முதல்ல பழைய ரிப்போர்ட்டை வாங்கி பார்த்துட்டு, "உனக்கு பீரியட்ஸ் எத்தனை நாளைக்கு ஒரு தடவ வரும்மா"ன்னு கேட்டாங்க. 35 நாள்னு சொன்னேன். அங்க தான் விஷயமே இருந்துச்சு. வாரக்கணக்கை கடைசி பீரியட்ஸ் வந்த நாள்ல இருந்து போடுறாங்க, அதுவும் 28 நாள் சைக்கிள்னு நெனச்சுக்கிட்டு, அதனால 6 வாரம்னா கரு உண்டாகி நாலு வாரம் தான் ஆகுதாம். எனக்கு சைக்கிள் ஒரு வாரம் லேட், அப்ப கருவும் ஒரு வாரம் சின்னது! 5ரை வாரத்துல பையும் அதுக்குள்ள குட்டி வளையம் மாதிரி, ஆரம்பத்துல கருவுக்கு சத்து குடுக்குற யோக் சாக்கும் தான் தெரியும், துடிப்பெல்லாம் 6 வாரம் ஒட்டி தான் தெரிய ஆரம்பிக்கும்னு சொன்னாங்க. "பழைய ரிப்போர்ட்ல பை 12 மில்லிமீட்டர் தான், 25க்கு மேல போயும் உள்ள ஒண்ணும் இல்லன்னா தான் நாங்க கன்ஃபார்ம் பண்ணி சொல்லுவோம், அதுக்கு முன்னாடி சந்தேகம்னா ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப பாக்கணும், அவ்வளவுதான்"னாங்க. இந்த ரெண்டு வரியை அன்னைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்னு இன்னிக்கும் கோவம் வருது.

அப்புறம் ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினாங்க. கறுப்பு பைக்குள்ள ஒரு ஓரமா வெள்ளையா மொச்சைக்கொட்டையை விட சின்னதா ஒண்ணு, நடுவுல ஒரு புள்ளி மினுக் மினுக்னு. நீளம் 10 மில்லிமீட்டர், 7 வாரம் 1 நாள், துடிப்பு 142. சத்தம் கேக்கலாமான்னு என் வீட்டுக்காரர் கேட்டதுக்கு, இந்த ஸ்டேஜ்ல அவசியம் இல்லாம சத்தம் கேக்க வைக்குற டாப்ளர் போடக்கூடாது, துடிப்பை கோடா காட்டுற படத்துலயே எண்ணிடலாம்னு சொல்லிட்டாங்க. அவருக்கு கொஞ்சம் ஏமாத்தம், எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

இனி குறை. ரிசப்ஷன்ல ஒரு லிட்டர் தண்ணி குடிச்சுட்டு உக்காருங்கன்னாங்க, குடிச்சேன், ரெண்டு மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தேன், உள்ள போனதும் "இது கீழ வழியா எடுக்குற ஸ்கேன், ப்ளாடர் காலியா இருக்கணும், பாத்ரூம் போயிட்டு வாம்மா"ங்குறாங்க டாக்டர். ஏங்க, உங்களுக்குள்ள பேசி வச்சுக்க மாட்டீங்களா? ஃபார்ம் எஃப் (கர்ப்பிணி ஸ்கேனுக்கு சட்டப்படி நிரப்புற படிவம்), ஆதார் ஜெராக்ஸ், பிக்மி நம்பர் (கர்ப்பத்தை அரசாங்கத்துல பதிஞ்சா தர்ற நம்பர்) எல்லாம் கேக்குறாங்க, அதுல தப்பு சொல்ல மாட்டேன், ஆனா ஜெராக்ஸ் கடை ரெண்டு தெரு தள்ளி இருக்கு, போன்லயே சொல்லிடலாம்ல. இப்ப போறவங்க கையோட எடுத்துட்டு போயிடுங்க.

என்டி ஸ்கேனுக்கும் (குழந்தை கழுத்துக்கு பின்னாடி இருக்குற நீரை அளக்குறது) இங்கயே தான் வந்தோம். அது 11 வாரத்துல இருந்து 13 வாரம் 6 நாளுக்குள்ள எடுத்தாகணும், அதனால தேதியை தப்பா வச்சிருந்தா இதுவும் சேர்ந்து சொதப்பும். புள்ள முதுகை காட்டிக்கிட்டு படுத்திருந்துச்சு, திரும்பவே இல்ல. வேற இடமா இருந்தா ஏதோ ஒண்ணை எழுதி அனுப்பியிருப்பாங்க, இவங்க வெளிய நடந்துட்டு ஏதாவது சாப்பிட்டு வான்னு அனுப்பிட்டு 40 நிமிஷம் கழிச்சு திரும்ப எடுத்தாங்க. நீளம் 58 மில்லிமீட்டர், கழுத்துக்கு பின்னாடி நீர் 1.4 மில்லிமீட்டர், மூக்கு எலும்பு இருக்கு. அஞ்சே வாரத்துல மொச்சை சைஸ்ல இருந்தது கையை வாய்க்கு கொண்டு போகுது!

அப்ப ஒண்ணு காட்டினாங்க பாருங்க, எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கல. குடல் வளர்ற வேகத்துக்கு வயித்துல இடம் பத்தாம 8வது வாரம் வாக்குல தொப்புள் கொடிக்குள்ள போயிடுமாம், 12 வாரம் ஒட்டி தானா சுழண்டு உள்ள வந்துடுமாம். "உன் புள்ளைக்கு வந்துடுச்சு, பாரு"ன்னு வயித்து ஓரத்தை கோடு மாதிரி காட்டினாங்க. என் போன்ல இருக்க ஆப் இந்த மாதிரி எதையும் சொன்னதில்ல, வாரா வாரம் கும்குவாட் சைஸ், ஃபிக் சைஸ்னு பழ மண்டி கணக்கா சொல்லிட்டு இருக்கு. கும்குவாட்டை எங்க ஊர்ல யாரு பார்த்தா?

அத்தை மட்டும் மெதுவா "பேரனா பேத்தியா, சும்மா கண்ணை காட்டுங்களேன்"ன்னாங்க. டாக்டரம்மா செவுத்துல இருந்த போர்டை கையால காட்டினாங்க, ஒரு வார்த்தை பேசல. அத்தை அதுக்கப்புறம் வாயே திறக்கல, ஆட்டோல வர்ற வரைக்கும்.

என் பேரை ரிப்போர்ட்ல ஒரு எழுத்து தப்பா அடிச்சு கொடுத்தாங்க, வாங்கும்போதே செக் பண்ணிக்கோங்க. கூட தர்ற படம் பில் பேப்பர் மாதிரி இருக்கும், நாளாக ஆக வெளுத்துடும், வீட்டுக்கு வந்ததும் போட்டோ எடுத்து வச்சுடுங்க, என் முதல் படத்துல இப்பவே அந்த மொச்சை பாதி காணோம்.

அடுத்து குழந்தையோட உறுப்பெல்லாம் சரியா இருக்கான்னு பாக்குற அனாமலி ஸ்கேன், 19வது வாரத்துக்கு டேட் போட்டிருக்கோம். காலைல 7 மணிக்கே டோக்கன் தர்றாங்க, 8 மணிக்கு போனா மதியம் தான். தண்ணி குடிக்கணுமா வேணாமான்னு இந்த தடவ டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன்.