ஃபோகஸ்ரைட்டர்: மூன்று மாதம் எழுதிப் பார்த்ததில்

பகலெல்லாம் பெங்களூர் ஒயிட்ஃபீல்டு ஆபீஸில் டாக்குமென்ட் அடிப்பதுதான் எனக்கு வேலை. ராத்திரி அல்சூர் வீட்டுக்கு வந்து அதே மாதிரி ஒரு சாஃப்ட்வேரைத் திறந்து கதை எழுத உட்கார்ந்தால் மனசு ஆபீஸை விட்டு வர மாட்டேன் என்கிறது. மேலே நாலு வரிசை பட்டன், போதாக்குறைக்கு மொழி இங்கிலீஷிலேயே இருந்ததால் நான் அடித்த ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் அடியில் சிவப்பு நெளிகோடு, தமிழய்யா திருத்திக் கொடுத்த பரீட்சைத் தாள் மாதிரி. அதை அணைக்கலாமென்று செட்டிங்ஸுக்குள் போய், போன கையோடு ஃபான்ட்டை மாற்றி, மார்ஜினை மாற்றி, நிமிர்ந்து பார்த்தால் மணி பதினொன்றரை. கதையில் ஒரு பாரா ஏறியிருக்காது.

அப்புறம்தான் ஃபோகஸ்ரைட்டர், எழுதுவதற்கு மட்டுமென்றே இருக்கும் ஒரு சாஃப்ட்வேர். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகிற வசதியும் உண்டு. திறந்தால் திரை முழுக்க ஒரு தாள், அவ்வளவுதான். மெனு வேண்டுமென்றால் மவுஸை மேல் ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கீழ் ஓரத்துக்குப் போனால் எத்தனை சொல் ஆகியிருக்கிறது என்று தெரியும், கையை எடுத்தால் எல்லாம் மறைந்துவிடும். எழுதுகிற வரியை மட்டும் தெளிவாக விட்டு மற்றதை மங்கலாக்கும் வசதி ஒன்றும் இருக்கிறது. மேல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்திக்கொண்டே இருக்கும் என் போன்ற ஆட்களுக்கு அது ஒன்றே போதும்.

தமிழில் எழுதுபவர்கள் முதல் நாளே மூன்று வேலை செய்துவிடுங்கள். சிவப்பு நெளிகோடு போடும் ஸ்பெல் செக்கை அணையுங்கள். தாளின் தோற்றத்தை மாற்றும் தீமில் நிர்மலா யுஐ போல நல்ல தமிழ் ஃபான்ட் ஒன்றைப் போட்டு வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், நம் எழுத்துக்குக் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீளும். மூன்றாவது, தினசரி இலக்கு. சொல் கணக்கு என்றால் 1000 என்று தானாகவே வைத்திருக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 'எழுதிக்கொண்டிருந்தபோதுகூட' என்பது நமக்கு ஒரே சொல், இங்கிலீஷ்காரருக்கு அதுவே நாலைந்து ஆகிவிடும். அவர்கள் ஆயிரமும் நம் ஆயிரமும் எப்படி ஒன்றாகும்? முதல் வாரம் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருந்தேன், பிறகு நிமிடக் கணக்குக்கு மாற்றி 30 என்று வைத்தேன். இப்போது பெரும்பாலான நாள் தேறிவிடுகிறேன்.

டைப்ரைட்டர் சத்தம் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. ஆசையாகப் போட்டுவிட்டேன், ஹெட்போன் மாட்ட மறந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் பக்கத்து அறையிலிருந்து அம்மா, "என்னடா, ராத்திரில டைப் இன்ஸ்டிடியூட் நடத்துறியா?" என்றாள். அவள் அந்தக் காலத்து டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ், வந்து நின்று பார்த்துவிட்டு, விரலை வைத்திருக்கிற அழகைப் பார் என்று திட்டிவிட்டுப் போனாள். இது தமிழ்99 என்கிற தமிழ்க் கீபோர்டு முறை என்றால் கேட்டால்தானே.

வாட்ஸ்அப்பை இது தடுக்காது, தெரிந்துகொள்ளுங்கள். ஃபோன் பக்கத்தில் இருந்தால் திரை எவ்வளவு வெறுமையாக இருந்தும் பிரயோஜனமில்லை. நான் அதை ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டு வந்துதான் உட்காருகிறேன்.

புதிதாக எதையும் இறக்க விருப்பமில்லையா, லிப்ரேஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் சாஃப்ட்வேர் இருந்தால் அதன் ரைட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், திரை முழுக்கத் தாள்தான், கிட்டத்தட்ட பாதி சுகம் அதிலேயே கிடைத்துவிடும். வேர்டிலும் வியூ பக்கம் ஃபோகஸ் என்று ஒன்று இருக்கிறது.

அடிக்குறிப்பு, படம், அட்டவணை எல்லாம் வேண்டுபவர்களுக்கு ஃபோகஸ்ரைட்டர் சரிப்படாது. ஆய்வுக் கட்டுரைக்காரர்கள் பக்கமே வர வேண்டாம். கதை, கட்டுரைக்குத் தாராளமாகப் போதும். நான் முதல் வரைவை மட்டும் இதில் முடித்துவிட்டு, பத்திரிகைக்கு அனுப்பும் முன் சனிக்கிழமை காலையில் காபியோடு பழைய சாஃப்ட்வேரிலேயே ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன்.