‘ஆல் சீசன் கொடி அவரை’ என்று விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாசி பிறந்ததும் இங்கே ஒரு விதைக்கடை வாசலில் ‘ஆல் சீசன் கொடி அவரை, 60 நாளில் காய்’ என்று அட்டை தொங்கும். இந்த வருஷமும் தொங்குகிறது. போன வருஷம் என்னிடம் பொய் சொல்லி விற்ற அதே விதைதான் அது.

வாங்கும்போதே கேட்டேன். “அண்ணே, அவரை ஆடிப்பட்டத்துலதானே போடுவாங்க? இப்போ போட்டா காய்க்குமா?”

“அதெல்லாம் பழைய அவரைக்கும்மா. இது புது ரகம், பட்டமெல்லாம் பார்க்காது.”

ரகத்தின் பெயரைக் கேட்டால் ‘ஹைப்ரிட்’ என்று மட்டும் சொன்னார். உறையின் மேல் அவரைக்காய்ப் படமும் கடைப் பெயரும் இருந்தன, வேறு ஓர் எழுத்தும் இல்லை. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் ‘விதை’ என்று எழுதித் தொகையைப் போட்டுக் கொடுத்தார்.

விதை நன்றாகவே முளைத்தது. மஞ்சக்குப்பத்து அக்னி வெயிலையும் தாங்கிக் கொடி பந்தல் முழுக்கப் படர்ந்தது. ஆனால் ஒரு பூ இல்லை. கடையில் போய்ச் சொன்னால், “உரம் பத்தலம்மா” என்று குருணை உரம் ஒன்றைக் கொடுத்தார். அதைப் போட்டதும் இலை இன்னும் பெரிதானது, அவ்வளவுதான். மறுபடி போனபோது, லேபிளே இல்லாத பாட்டிலில் ஏதோ ஒரு நீலத் தண்ணீர், பூ பிடிக்கும் மருந்தாம். கடைசியில், “உங்க பக்கம் தண்ணி உப்பும்மா, அதான்” என்று முடித்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். கடலோரத்தில் சில இடங்களில் தண்ணீர் உப்பு என்பது உண்மைதான். ஆனால் உப்புத் தண்ணீர் பாய்ந்தால் இலை ஓரம் கருகும், செடி குறுகி நிற்கும். என் கொடி பச்சைப் பசேலென்று இருந்தது. அவரை பயறு வகை. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துக் கொடுக்கிறது. அதற்கு மேலும் தழைச்சத்தைக் கொட்டினால் கொடி இலையாகத்தான் ஓடும். விதை விற்பவருக்கு இது தெரியாமல் இருக்குமா? பொய் விதை ஒரு பக்கம், அந்தப் பொய்யை மறைக்க உரம், மருந்து என்று மேலும் மேலும் என் தலையில் கட்டியது இன்னொரு பக்கம்.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் பெரியவர் பந்தலைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: “இது பனிக்காலத்து அவரைம்மா. பொழுது குறைஞ்சாத்தான் பூக்கும். கார்த்திகை வரைக்கும் ஒண்ணும் பண்ணாதே.” அப்படியே கார்த்திகைக் கடைசியில் பூத்தது. நம் ஊர்ப் பந்தல் அவரை அப்படித்தான். பகல் நீளமாக இருக்கும் மாதங்களில் கொடி ஓடும், பூக்காது. அதனால்தான் ஆடியில் விதைப்பது. எல்லாப் பருவத்திலும் காய்க்கும் அவரையும் இருக்கிறது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் அந்த வகை. ஆனால் அவை குத்துச்செடிகள், அவற்றுக்குப் பந்தலே வேண்டாம். அந்த ரகங்களின் பெருமையைச் சொல்லி, சாதாரணப் பந்தல் அவரையைப் பட்டம் தப்பிய மாசியில் விற்கிறார்கள்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் நாத்தனாருக்கு வேறொரு கடையில் ‘கொடி பீன்ஸ்’ என்று கொடுத்திருக்கிறார்கள். அது ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கான பீன்ஸ். 30 டிகிரிக்கு மேல் வெயில் ஏறினால் பூ உதிர்ந்துவிடும். சித்திரையில் அவர் மாடியில் அதுதான் நடந்தது.

விதை வாங்கப் போனால் முதலில் உறையைத் திருப்பிப் பாருங்கள். பயிர், ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), பரிசோதித்த நாள், முளைப்புத்திறன் இவையெல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். விதைச் சட்டம் 1966-இல் வந்தது, புதுச்சேரிக்கும் அதுதான். விதை விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும், அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பில்லில் ரகமும் குவியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் விதையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். காலி உறையையும் கொஞ்சம் விதையையும் எடுத்து வையுங்கள், புகாருக்கு அதுதான் சாட்சி. அப்புறம், சிவப்புச் சாயம் ஏறிய விதை மருந்து கலந்தது. மீந்துபோனால் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மாவட்ட விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். என் துண்டுச்சீட்டையும் உறையையும் வைத்து நான் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை.

இப்போது பந்தல் காலியாக இருக்கிறவர்கள் கொடிக் காராமணி போடுங்கள். நம் வெயிலுக்கு அது தாங்கும், ஆடி வரை காத்திருக்காமல் காயும் கிடைக்கும்.