38,500 டாலர் போச்சு: பழைய கார்வெட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதல் கிளாசிக் கார் எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதுகிறேன் எனச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் செய்கிறேன், ஆனால் நினைத்த மாதிரி இல்லை. வண்டி வந்து இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் கொடுத்த 38,500 டாலரும் ஏமாற்றிப் பிடுங்கிய பணம்தான் என்று நேற்று உறுதியாகிவிட்டது. இன்று காலை இங்கே தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, உங்கள் வண்டி வந்த ஷோரூமிலேயே ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அட்வான்ஸ் கட்டப் போகிறேன்" என்றார். கட்டாதே என்று கத்தியே விட்டேன். இன்னும் யாராவது கட்டிவிடக் கூடாது என்றுதான் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

நான் வாங்கியது 1971 கார்வெட் ஸ்டிங்ரே கன்வெர்டிபிள், செவர்லே கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார். 454 கன அங்குல இன்ஜின், நாலு கியர் மேனுவல். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் "நம்பர்ஸ் மேட்சிங்" என்று போட்டிருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த அதே இன்ஜின்தான் இன்றும் வண்டியில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நான் 38,500 டாலர் கொடுத்தது அந்த ஒரு வாக்குறுதிக்குத்தான்.

மிச்சிகனில் இருப்பவர்களுக்கு இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே வேண்டாம். 1953இல் முதல் கார்வெட் வெளிவந்தது இங்கே பிளின்ட்டில்தான். முதல் வருடம் 300 வண்டிகள், அத்தனையும் வெள்ளை. ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் பழைய வண்டிகள் வரிசையாகப் போவதை நடைபாதையில் நாற்காலி போட்டுப் பல வருடம் பார்த்திருக்கிறேன். வீட்டில் பேசி, சேர்த்து வைத்த பணத்தை எடுத்துத்தான் இதில் இறங்கினேன்.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏமாற்று வேலைக்கு இடம் கொடுப்பதே இதுதான். 1971இல் செய்த கார்வெட்டுகள் மொத்தம் 21,801. அதில் எல்எஸ்5 என்ற 365 குதிரைத்திறன் 454 இன்ஜினோடு வந்தவை 5,097 மட்டும். சாதாரண வண்டியில் இருந்தது 270 குதிரைத்திறன் 350 இன்ஜின். வெளிப்பார்வைக்கு இரண்டுக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. பானெட்டின் மேடும் அதிலிருக்கும் 454 எழுத்தும்தான் அடையாளம், அவை இரண்டும் புதிதாகவே கடையில் கிடைக்கின்றன. விலையில் மட்டும் வித்தியாசம் பல ஆயிரம் டாலர். 1972 முதல் 1980 வரை வந்த கார்வெட்டுகளில், வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரின் ஐந்தாவது எழுத்தைப் பார்த்தாலே என்ன இன்ஜினோடு பிறந்த வண்டி என்று தெரிந்துவிடும். 1971 வரைக்கும் வந்தவற்றில் அது கிடையாது. ஆகவே 350 வண்டிக்குள் எங்கிருந்தோ ஒரு 454ஐ எடுத்துப் போட்டு, ஒரிஜினல் என்று விற்க முடியும். வின் நம்பர் காட்டிக் கொடுக்காது.

இது எனக்கு முன்பே தெரியும். அதனால்தான் முதல் போனிலேயே இதைக் கேட்டேன், மெயிலிலும் எழுதிக் கேட்டேன். "100 சதவீதம் ஒரிஜினல் இன்ஜின், நாங்களே சரிபார்த்துவிட்டோம்" என்று பதில் வந்தது. அந்த மெயில் என்னிடம் இருக்கிறது.

ஷோரூமின் பெயரை இப்போது போடக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எந்த மாதிரி இடம் என்று சொல்லிவிடுகிறேன். மற்றவர்களின் பழைய வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, கமிஷனுக்கு விற்றுக்கொடுக்கும் பெரிய கூடம். தெற்கு மாநிலம் ஒன்றில் இருக்கிறது. தரை கண்ணாடி மாதிரி மின்னும். ஒவ்வொரு வண்டிக்கும் நூறு படம் போட்டிருப்பார்கள். இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுவதால் மிச்சிகன்காரர்கள் பழைய வண்டியைத் தெற்கே தேடுவதுதான் வழக்கம். "பிறந்ததிலிருந்து தெற்கிலேயே ஓடிய வண்டி" என்று விளம்பரம் சொன்னது.

வீடியோ காலில் வந்த சேல்ஸ்மேன் ஐம்பது வயதுக்கு மேல் இருப்பார். முதலில் கேட்டதே, "இது உங்கள் முதல் கார்வெட்டா?" என்றுதான். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் அவசரப்படாதீர்கள். முதலில் இதன் குறைகளைக் காட்டிவிடுகிறேன்" என்றார். போனைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் போய் ஹெட்லைட்டைப் போட்டார். இடது பக்கம் டக்கென்று எழுந்தது, வலது பக்கம் சோம்பலாக, கொஞ்சம் நின்று நின்று எழுந்தது. "இது வேக்யூமில் இயங்குவது. எங்கோ ஒரு ஹோஸ் கசிகிறது, சில்லறைச் செலவு, ஆனால் சொல்லாமல் விற்க மனம் வராது" என்றார். டாஷ்போர்டில் கடிகாரம் ஓடவில்லை என்று அவரே காட்டினார். கதவோரத்தில் விரல் நகம் அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்திருந்ததை, நான் கேட்காமலேயே கேமராவை அருகில் கொண்டுபோய்க் காட்டினார்.

நான் நம்பிய இடம் இதுதான். கடிகாரம் ஓடவில்லை என்பதைக்கூட மறைக்காத மனிதன் இன்ஜின் விஷயத்தில் பொய் சொல்வானா என்று யாருக்கும் தோன்றும். தோன்ற வேண்டும் என்றுதான் காட்டுகிறார்கள். அந்தக் காலத்துக் கார்வெட்டில் கடிகாரம் ஓடாததும் ஹெட்லைட் சோம்பலாக எழுவதும் எல்லா வண்டியிலும் இருப்பவை, விலையில் பத்துப் பைசா குறையாது. சில்லறைக் குறைகளைக் கையில் கொடுத்துவிட்டு, பெரிய குறையை, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல மறைத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது. பொய் சொன்னால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், நேர்மையையே தூண்டிலில் மாட்டியிருக்கிறார்கள்.

வெளியிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டரை அனுப்பட்டுமா என்று கேட்டேன். "தாராளமாக அனுப்புங்கள், ஆனால் இன்சூரன்ஸ் விதிப்படி லிஃப்டில் ஏற்றிக் காட்ட முடியாது, எங்கள் மெக்கானிக்கே எழுதிய ரிப்போர்ட் இருக்கிறதே" என்றார்கள். நாலு பக்க ரிப்போர்ட் வந்தது. "ஃபிரேம்: நல்ல நிலை" என்று டிக் போட்டிருந்தது. கூடவே டேங்க் ஸ்டிக்கரின் நகல் ஒன்றையும் லேமினேட் செய்து காட்டினார்கள். தொழிற்சாலையில் வண்டியின் முழு விவரத்தையும் அச்சடித்துப் பெட்ரோல் டேங்கின் மேல் ஒட்டிய தாள் அது. அதில் 454 என்று தெளிவாக இருந்தது. 38,500 டாலரை வங்கியிலிருந்து ஒயர் செய்தேன்.

வண்டி வந்தது. வாரன் பக்கம், கார்வெட் மட்டுமே பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். லிஃப்டில் ஏற்றினார். அடிப்பக்கம் முழுக்கக் கன்னங்கரேலென்று புத்தம்புது அண்டர்கோட், அதாவது துருத் தடுக்க அடிக்கும் பூச்சு. அதைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. கார்வெட்டின் பாடி ஃபைபர்கிளாஸ், துருப் பிடிக்காது. அதை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். ஆனால் பாடியைத் தாங்கும் ஃபிரேம் இரும்பு. முன்கண்ணாடியைச் சுற்றி உள்ளே இருக்கும் கூண்டும் இரும்பு. பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஃபிரேம் மேல்நோக்கி வளையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது கறுப்புப் பூச்சோடு பழுப்பு நிறத் துரு தகடு தகடாகக் கொட்டியது. டிரைவர் கதவைத் திறந்து ஓரத்தில் பெயின்ட்டைச் சுரண்டினால், அடியில் ஒரு பழைய ஆயில் சேஞ்ச் ஸ்டிக்கர். ஓஹையோவில் இருக்கும் ஓர் ஊர்ப் பெயர். அங்கேயும் உப்புதான். பிறந்ததிலிருந்து தெற்காம்!

அப்புறம் இன்ஜின். வலது பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், இன்ஜினின் வார்ப்பிரும்பு உடலான பிளாக்கில் விரல் நீளத்துக்கு ஒரு சமதளம் இருக்கும். வண்டியின் வரிசை எண்ணை அங்கேதான் தொழிற்சாலையில் குத்துவார்கள். ஒரிஜினல் என்றால் அந்தத் தளத்தில் மெஷின் விட்ட மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும் என்று டார்ச் அடித்துக் காட்டினார். என்னுடையதில் கோடே இல்லை, வட்ட வட்டமாகக் கிரைண்டர் தடம். எண்கள் மட்டும் அச்சு அசலாக என் வண்டியின் எண்கள். கோடு இல்லாததை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது, இன்ஜின் பிரித்து வேலை செய்தாலும் அவை போகலாம் என்று அவரே சொல்லிவிட்டு, பிளாக்கை வார்த்த தேதியைத் தேடித் துடைத்தார். மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு வருடத்தின் கடைசி இலக்கம். கடைசி இலக்கம் 4. பிளாக்கிலேயே வார்த்திருக்கும் காஸ்டிங் நம்பரையும் சேர்த்துப் பார்த்து 1974 என்றார். 1974இல் வார்த்த இரும்பில் 1971 வண்டியின் நம்பரைக் குத்தியிருக்கிறார்கள். 454 கார்வெட்டில் இருக்க வேண்டிய பின்பக்க ஸ்டெபிலைசர் பாரும் இல்லை. "இது 350ஆகப் பிறந்த வண்டி" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பாடியைத் தூக்கி ஃபிரேமை மாற்றினால்தான் ரோட்டில் ஓட்டவே முடியுமாம். அதற்கு 20,000 டாலருக்குக் கீழே ஆகாது என்கிறார்.

அதற்கப்புறம் அவர்கள் என்னை அலையவிட்டதை எழுதினால் பக்கம் போதாது. முதல் நாள் சேல்ஸ்மேன் போனை எடுத்தார். "அடடா, படங்களை அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அனுப்பினேன். அதோடு அவர் போன் நேராக வாய்ஸ்மெயிலுக்குப் போக ஆரம்பித்தது. ரிசப்ஷனில் கேட்டால் விடுப்பு என்றார்கள், பிறகு வேறு கிளைக்கு மாறிவிட்டார் என்றார்கள், கடைசியில் "அவர் இப்போது எங்களிடம் வேலை செய்வதில்லை" என்றார்கள். மேனேஜர் என்று ஒருவர் வந்தார். "நாங்கள் விற்கவில்லை ஐயா, விற்றது வண்டியின் சொந்தக்காரர். விளம்பரத்தில் எழுதியது அவர் சொன்னது" என்றார். சரி, சொந்தக்காரர் யார் என்று கேட்டேன். தனியுரிமை காரணமாகச் சொல்ல முடியாதாம். "நாங்களே சரிபார்த்துவிட்டோம்" என்று உங்கள் மெயிலில் இருக்கிறதே என்றேன். அது விற்பனைப் பிரிவின் கருத்தாம், உத்தரவாதம் இல்லையாம். ஃபிரேம் நல்ல நிலை என்று டிக் போட்டதற்கு, "ஐம்பது வருட வண்டியில் துரு இல்லாமல் இருக்குமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். 38,500 டாலர் வாங்கும்போது இந்த ஐம்பது வருடம் அவர்களுக்கு நினைவுக்கு வரவில்லை.

கடைசியாக வந்தது ஒரே ஒரு மெயில். "உள்ளது உள்ளபடி" என்ற பத்திரத்தில் நான் போட்ட கையெழுத்தை ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தார்கள். கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு இணைப்பு.

உள்ளது உள்ளபடி என்று விற்றால் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லலாம் என்று அர்த்தமில்லை, எழுத்தில் பொய் சொல்லி விற்றது வேறு வழக்கு என்று வக்கீல் சொல்கிறார். அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் பதிந்துவிட்டேன். போய்ச் சேர்ந்த ஒயரைத் திருப்ப முடியாது என்று வங்கி கை விரித்துவிட்டது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது இவ்வளவுதான் முடிகிறது. லிஃப்டில் ஏற்றிக் காட்ட மாட்டேன் என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள், எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் சரி. புது அண்டர்கோட் இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினில் குத்திய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், வார்த்த தேதியின் படத்தைக் கேளுங்கள். கதவுக் கீல் பக்கத்துத் தகட்டில் இருக்கும் பாடி தேதிக்கு முன்னால் அது இருக்க வேண்டும். டேங்க் ஸ்டிக்கரின் நகலை நம்பவே நம்பாதீர்கள், அது அச்சடிக்கக் கிடைக்கிறது. 17 இலக்க வின் நம்பர் 1981இல்தான் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு வண்டியின் பழைய வரலாற்றைத் தரும் கார்ஃபாக்ஸ் மாதிரி ரிப்போர்ட்டெல்லாம் உதவாது. நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி என்று 1974இலிருந்து ஒரு சங்கம் இருக்கிறது, பல ஊர்களில் கிளைகள் உண்டு. வண்டி இருக்கும் ஊருக்குப் பக்கத்துக் கிளையில் விவரம் தெரிந்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். முழுப் பணத்தையும் ஒயர் செய்யாதீர்கள்.

தெற்கு மாநிலத்துக் கமிஷன் ஷோரூம் ஒன்றில் 1971 அல்லது அதற்கு முந்தைய 454 அல்லது 427 இன்ஜின் கார்வெட் வாங்கிய தமிழர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே பிளாக்கின் தேதியைப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். புகாரில் இரண்டாவது பெயர் சேர்ந்தால் பேச்சே வேறு என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.