வோர்டெக்ஸா, மோட் ஆர்கனைசரா? கழற்றிப் பார்த்தால் தெரியும்

தீபாவளி விடுமுறையில் அக்காள் மகன் செந்தூலிலிருந்து மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் என்ற கணினி விளையாட்டு வாங்கியாயிற்று, இனி மோட், அதாவது ரசிகர்கள் செய்த கூடுதல் கோப்புகள், போட வேண்டும். "வோர்டெக்ஸா, மோட் ஆர்கனைசர் 2-ஆ? எது நல்லது மாமா?"

மோட்களைப் போடவும் கழற்றவும் உதவும் இந்த மேலாளர் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். மோட்கள் கிடைக்கும் நெக்சஸ் தளத்தில் பொத்தானை அழுத்தினால் இரண்டுமே மோட்டை இறக்கிக்கொள்ளும். ஸ்டீம் வொர்க்‌ஷாப் பேச்சே வேண்டாம். விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தின் அந்த மோட் பகுதி 2011-இல் வந்த பழைய பதிப்புக்குத்தான், 2016-இன் ஸ்பெஷல் எடிஷனுக்குக் கிடையாது.

வோர்டெக்ஸ் சுலபம். வரிசைப்படுத்தும் கருவியான லூட் அதற்குள்ளேயே இருப்பதால் பிளகின் (விளையாட்டு ஏற்றும் மோட் கோப்பு) வரிசையைத் தானே அடுக்கிவிடும். பத்துப் பதினைந்து மோட் போதும் என்பவருக்கு அது தாராளம். நான் அதை இரண்டே மாதம், அறுபது மோட்களோடு வைத்திருந்தவன். பெரிய தொகுப்புகளுக்கு என் சொல்லை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம்.

ஆனாலும் நான் மோட் ஆர்கனைசர் கட்சி. காரணம், போட்ட மோட்டைக் கழற்றுவது. தொடக்கத்தில் எந்த மேலாளரும் இல்லாமல் கோப்புகளைக் கையாலேயே விளையாட்டின் டேட்டா கோப்புறையில் கொட்டினேன். ஒன்றின் மேல் ஒன்றாக எழுதி, மூன்றாம் வாரம் விளையாட்டிலுள்ள ரிவர்வுட் ஊரில் பாதி வீடுகள் ஊதா நிறத்தில் நின்றன. எந்தக் கோப்பு எந்த மோட்டுடையது? எனக்கே தெரியவில்லை. விளையாட்டையே அழித்து மறுபடி இறக்கினேன். முழுக்க என் புத்திசாலித்தனம்தான்.

வோர்டெக்ஸ் மோட் கோப்புகளை வேறிடத்தில் வைத்து, டேட்டா கோப்புறைக்குள் ஹார்ட் லிங்க் (அதே கோப்புக்கு இன்னொரு பெயர்) போடுகிறது. கழற்றச் சொன்னால் ஒழுங்காகக் கழற்றிவிடும். ஆனால் கோப்புறையைத் திறந்தால் எல்லாம் கலந்துதான் தெரியும். மோட் ஆர்கனைசர் அங்கே எதையும் வைப்பதில்லை. மோட்டுக்கு ஒரு தனிக் கோப்புறை. விளையாட்டு ஓடும் நேரத்துக்கு மட்டும் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதாக அதை நம்பவைக்கிறது. ஒரே கோப்புக்கு இரண்டு மோட் மோதினால், இடப்பக்கப் பட்டியலில் கீழே இருப்பது வெல்லும். மின்னல் குறியில் பச்சைக் கூட்டல் என்றால் இது இன்னொன்றை மறைக்கிறது. சிவப்புக் கழித்தல் என்றால் இது மறைக்கப்படுகிறது. சந்தேகம் வந்தால் டிக்கை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். ஸ்கிரிப்ட் (விளையாட்டுக்குள் ஓடும் நிரல்) உள்ள மோட்டை மட்டும் பாதி ஆட்டத்தில் கழற்றக் கூடாது. சேமிப்புக் கோப்பு கெட்டுவிடும். அதற்கு எந்த மேலாளரிடமும் மருந்தில்லை.

இடமும் ஒரு பிரச்சினை. லோ யாட் பிளாசாவில் வாங்கிய என் பழைய மடிக்கணினியில் எஸ்எஸ்டி சிறியது. ஹார்ட் லிங்க் ஒரே டிரைவுக்குள்தான் செல்லும் என்பதால் வோர்டெக்ஸில் விளையாட்டு இருக்கும் டிரைவிலேயே மோட்களும் இருந்தாக வேண்டும். மோட் ஆர்கனைசரிலோ மோட்களை இரண்டாவது டிரைவில் வைத்தேன். காட்சிகள் திறக்கக் கொஞ்சம் தாமதமாகிறது, பரவாயில்லை.

மோட் ஆர்கனைசரில் தொல்லையும் உண்டு. பல மோட்களுக்குத் தேவையான எஸ்கேஎஸ்இ என்ற துணை நிரலைத் தொடங்கும் கோப்புகளை விளையாட்டின் மூலக் கோப்புறையில் நாமே வைக்க வேண்டும். விளையாட்டையும் துணைக் கருவிகளையும் எப்போதும் மோட் ஆர்கனைசர் வழியாகவே தொடங்க வேண்டும். இதை அவனிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் இரவே அழைப்பு. "மாமா, நாற்பது மோட் போட்டேன், ஒன்றுமே மாறவில்லை."

"எதை அழுத்தித் திறந்தாய்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஸ்டீம்."

திரையிலிருந்த அந்தக் குறுக்குவழியை முதலில் அழிக்கச் சொன்னேன்.