வைஃபைக்கு நாலு ஸ்டார், செட்டிங்ஸுக்கு ஒன்று

மாமாவின் ஜெராக்ஸ் கடைக்கு வாங்கிய ரவுட்டர் இது. விலை குறைந்த வகைதான், நாலு மாதமாக ஓடுகிறது. சிக்னல் பின்னறை வரைக்கும் வருகிறது, கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்கிறது, அந்த வகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் கோபமெல்லாம் செட்டிங்ஸ் பக்கத்தின் மேல்தான். பிரிண்டருக்கு நிரந்தரமாக ஒரு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்க உதவும் எண், ஒதுக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பிரிண்டரே அச்சடித்துக் கொடுத்த தாளில் 192.168.001.020 என்று இருந்தது, சில பிரிண்டர்கள் இப்படித்தான் மூன்று இலக்கம் நிரம்பும்படி முன்னால் பூஜ்ஜியம் போட்டுக் காட்டும். அதை அப்படியே அடித்தேன். ரவுட்டரும் சமர்த்தாகப் பச்சை டிக் காட்டியது. மறுநாள் காலை கடை திறந்ததும் ஒரு கம்ப்யூட்டரிலிருந்தும் பிரிண்ட் போகவில்லை, வாசலில் ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒதுக்கீட்டுப் பட்டியலைத் திறந்தால், 192.168.1.16!

பதினாறு எங்கிருந்து வந்தது? முன்னால் பூஜ்ஜியம் இருந்தால் அந்த எண்ணை ஆக்டல் என்று, அதாவது எட்டெட்டாக எண்ணும் முறையில் படிப்பது பழைய யூனிக்ஸ் காலத்துப் பழக்கம். 020 என்றால் இரண்டு எட்டு. சந்தேகம் தீர 089 போட்டுப் பார்த்தேன், 'தவறான முகவரி' என்றது, ஆக்டலில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாதே! முகவரியின் ஒரு பகுதி 255-ஐத் தாண்டினால் மறுக்கத் தெரிந்த பெட்டிக்கு முன் பூஜ்ஜியத்தையும் மறுக்கத் தெரிந்திருக்கலாம். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியின் ஐபி முகவரி மாட்யூல் 3.9.5 பதிப்பிலிருந்து முன் பூஜ்ஜியம் கண்டாலே பிழை என்று நேராகச் சொல்லிவிடுகிறது. இந்த ரவுட்டரோ சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிட்டு டிக் வேறு போடுகிறது.

ஐபிவி6, அதாவது நீளமான புது வகை ஐபி முகவரிக்கான பக்கம் அதைவிட மோசம். நடுவில் தொடர்ந்து வரும் பூஜ்ஜியங்களை :: போட்டுச் சுருக்கலாம், ஒரு முகவரியில் ஒரே தடவைதான், இரண்டு இடத்தில் போட்டால் எங்கே எத்தனை பூஜ்ஜியம் விடுபட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த ஒரு தடவைக்கும் இங்கே அனுமதி இல்லை, 39 எழுத்தையும் முழுசாக அடிக்க வேண்டும்.

கஸ்டமர் கேரில் கேட்டால் 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்'. சரி, திருப்பிக் கொடுக்கிற நாளும் தாண்டிவிட்டது. வாங்குகிறவர்கள் முன்னால் பூஜ்ஜியம் போடாமல் 20 என்று மட்டும் அடியுங்கள், சேமித்த பிறகு பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.