டியூப்லெஸ் பஞ்சர் கிட்: பின் டயரில் பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

முந்தைய இரவு நிரப்பிய காற்று காலையில் பாதியாகக் குறைந்திருந்ததால், வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் டயரில் சோப்பு நீர் தெளித்துச் சுற்றியபோது, ஆணி ஏறிய இடத்தில் நுரை பொங்கியது. கிட்டில் உள்ள அரம் போன்ற முறுக்குக் கம்பி மிகவும் உறுதியானது. ஆணியைப் பிடுங்கி, அக்கம்பியால் ஓட்டையைச் சொரசொரப்பாக்கி, பசை தடவிய ரப்பர் திரியை ஊசியில் கோத்து, இரு முனைகளும் சற்றே வெளியே நிற்கும்படி செருகிச் சட்டென்று உருவினால், திரி உள்ளே மடிந்து இறுக அடைத்துக்கொள்கிறது. ஊசியின் கைப்பிடிதான் சிறியது. அழுத்தியதில் உள்ளங்கை கன்றிவிட்டது. காற்றடித்து மறுபடியும் சோப்பு நீர் விட்டபோது ஒரு குமிழிகூட எழவில்லை. டயரின் பக்கச்சுவரில் விழும் ஓட்டைக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதை உற்பத்தியாளர்கள் இன்னும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.